லிண்டன் – பார்ன்ஸ்டபிள் ரயில்: 19 மைல் பாதை 37 வருஷத்தில் ஏன் நின்றது?

தண்டவாளன்

இங்கிலாந்தின் கிளைப் பாதைகளைப் பற்றி இங்கே அடிக்கடி பேச்சு வருகிறது. லிண்டன் – பார்ன்ஸ்டபிள் பாதைக்கு மட்டும் இதுவரை தனி இழை இல்லை. அந்தக் குறை தீர ஆரம்பிக்கிறேன்.

டெவன் மாவட்டத்தின் வடகரையில், எக்ஸ்மூர் மேட்டுநிலம் கடலைத் தொடுகிற இடத்தில் இரண்டு ஊர்கள் உண்டு. பாறை உச்சியில் லிண்டன். அடியில், ஆறு கடலில் சேருமிடத்தில் லின்மத். பார்க்கக் கண் கொள்ளாத இடம், போய்ச் சேருவதுதான் பாடு. 1854இல் பார்ன்ஸ்டபிளுக்கு ரயில் வந்துவிட்டது, 1874இல் இல்ஃப்ரகூமுக்கும் வந்தது. லிண்டனுக்கு மட்டும் குதிரை வண்டிதான். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கி நடக்க வேண்டும்.

இந்த ஊருக்கு வாய்த்தவர் சர் ஜார்ஜ் நியூன்ஸ். 'டிட்-பிட்ஸ்', 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகைகளை நடத்திப் பெரும் பணம் சேர்த்த பதிப்பாளர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. லிண்டனில் வீடு கட்டிக்கொண்டு அந்த ஊருக்கே வள்ளலாகிவிட்டார். லிண்டனையும் லின்மத்தையும் இணைக்கிற பாறை ரயிலுக்கு அவர்தான் பணம் போட்டார். 1890இல் திறந்த அது இன்றும் ஓடுகிறது. மின்சாரமும் கிடையாது, நீராவியும் கிடையாது. மேலே நிற்கும் பெட்டியின் அடித்தொட்டியில் ஆற்றுத் தண்ணீரை நிரப்புகிறார்கள், கீழே நிற்கும் பெட்டியின் தொட்டியைக் காலி செய்கிறார்கள். கனத்த பெட்டி இறங்க, வடத்தின் மறுமுனையில் இருக்கும் பெட்டி ஏறிவிடும்.

அதே நியூன்ஸ் தலைவராக இருந்த கம்பெனிதான் பார்ன்ஸ்டபிளிலிருந்து லிண்டனுக்கு ரயில் போட்டது. 1895இல் நாடாளுமன்றச் சட்டம் நிறைவேறியது. 1898 மே 11இல் திறப்பு விழா, மே 16 முதல் பொதுமக்களுக்கு வண்டி. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள அகலம், அதாவது கேஜ், 1 அடி 11½ அங்குலம் (597 மி.மீ.). நம்மவர்களுக்குத் தெரிந்த டார்ஜிலிங் ரயிலை விட ஓர் அரை அங்குலம் குறைவு. நீளம் 19 மைலுக்குக் கொஞ்சம் மேல். பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

37 வருஷம் ஓடியது. 1935 செப்டம்பர் 29இல் கடைசி வண்டி. "பஸ் வந்தது, ரயில் செத்தது" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தப் பாதையின் நோய் அதன் ஸ்டேஷன்கள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தது என்று நினைக்கிறேன். வழியில் இருக்கிற கிராமத்துக்காரர்களுக்காகப் போட்ட பாதையல்ல இது. கோடையில் வருகிற விருந்தாளிக்காகப் போட்டது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மேகலா_எக்ஸெட்டர்

நல்ல இழை. நான் எக்ஸெட்டரில் இருப்பதால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பழைய பாதையைத் தேடிப் பார்ப்பது வழக்கம்.

ஸ்டேஷன் இருந்த இடம் பற்றி நீங்கள் சொன்னதைக் காலால் நடந்து பார்த்தவர்கள் மறுக்கவே முடியாது. பழைய லிண்டன் ஸ்டேஷன் கட்டடம் இன்னும் இருக்கிறது, இப்போது குடியிருப்பு. அது கடல் மட்டத்திலிருந்து 700 அடி உயரத்தில், ஊருக்கு மேலே தனியாக நிற்கிறது. ரயிலை விட்டு இறங்கியவர் பெட்டி படுக்கையோடு சரிவில் ஊருக்கு இறங்க வேண்டும். லின்மத் போக வேண்டியவர் ஊருக்குள் வந்து, அங்கிருந்து பாறை ரயில் பிடித்து இன்னும் 500 அடி கீழே போக வேண்டும். திரும்புகிற அன்று அத்தனையும் ஏற்றம். வயதானவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

ஊரின் அழகு கெடக்கூடாது, புகையும் கூட்டமும் ஊருக்குள் வரக்கூடாது என்ற எண்ணமும் அந்த இடத்தைத் தேர்ந்ததில் உண்டு என்று சொல்வார்கள். பாதை வருகிற உயரத்தைப் பார்த்தால் வேறு காரணமும் புரியும். லிண்டனுக்கு முந்தைய வுடி பே ஸ்டேஷன் கிட்டத்தட்ட 1000 அடியில் இருக்கிறது. அங்கிருந்து மூன்றே மைலில் ஊர் நடுவுக்கு இறங்க வேண்டுமென்றால் இந்தச் சரிவு போதாது.

வழி ஊர்களிலும் இதே கதைதான். பிராட்டன் ஃப்ளெமிங் ஸ்டேஷன் கிராமத்துக்கு ஒதுக்குப்புறமாக, கீழே மரங்களுக்குள். பிளாக்மூர் ஸ்டேஷனைச் சுற்றிக் கிராமமே இல்லை, சாலைகள் கூடுமிடம் அவ்வளவுதான்.

கரிப்புகை

எஞ்சின் ஆள் நான், அதனால எஞ்சினைப் பத்திச் சொல்லிடறேன். அப்புறம் சண்டைக்கு வரேன்.

எல்லா எஞ்சினுக்கும் டெவன் ஆத்துப் பேரு. யோ, எக்ஸ், டா – இந்த மூணும் லீட்ஸ் நகரத்து மேனிங் வார்டில் கம்பெனி செஞ்சது. முன்னால ரெண்டு சின்னச் சக்கரம், நடுவுல ஆறு ஓட்டுச் சக்கரம், பின்னால ரெண்டு சின்னச் சக்கரம். அந்தச் சின்ன கேஜுக்கு நல்ல வலுவான எஞ்சின். ஆடு மாடு குறுக்க வந்தா தள்ளிவிட முன்னாடி மாட்டுத் தடுப்பு, பக்கவாட்டுல சக்கரத்தை மூடுற தகடு. டெவன் மேய்ச்சல் நிலத்துல ஓடுற வண்டிக்கு அது தேவைதான்.

மூணு பத்தாதுன்னு நாலாவது எஞ்சின் வேணும்னு முடிவு பண்ணினாங்க. அந்த நேரம் பார்த்து 1897-98ல பிரிட்டன் முழுக்கப் பொறியியல் தொழிலாளர் போராட்டமும் கதவடைப்பும். பட்டறைங்க எல்லாம் ஆர்டர் தேங்கிக் கிடந்துச்சு. உடனே வேணும்னா எங்க போறது? அமெரிக்கா. ஃபிலடெல்ஃபியாவுல இருந்த பால்ட்வின் கம்பெனி செஞ்சு, பிரிச்சு, கப்பல்ல அனுப்பிச்சு. பார்ன்ஸ்டபிள் பக்கத்துல பில்டன் ஷெட்டுல வெச்சுப் பூட்டினாங்க. அதுதான் லின். புகைபோக்கி, மணல் டோம், கேபின்னு எல்லாத்துலயும் அமெரிக்கச் சாயல் அப்படியே தெரியும். ஒரு ஆங்கிலேயக் கிராமத்துப் பாதையில ஃபிலடெல்ஃபியா எஞ்சின்! போட்டோ பார்த்தீங்கன்னா லின்னை ஒரு பார்வையிலேயே கண்டுபிடிச்சிரலாம்.

பெட்டிங்களும் சாதாரணமில்ல. பிரிஸ்டல்ல செஞ்ச போகி கோச், அதாவது ரெண்டு முனையிலயும் வளைவுக்குத் தக்கபடி திரும்புற சக்கரத் தொகுதி வெச்ச பெட்டி. ரெண்டடி கேஜுன்னா பொம்மை ரயில்னு நினைப்பாங்க, ஆனா பெட்டி கிட்டத்தட்ட 40 அடி நீளம். முதல் வகுப்புல மலையைப் பார்த்துட்டே போறதுக்குப் பெரிய கண்ணாடி வெச்ச தனி அறை. வாக்குவம் பிரேக், ஒத்தைத் தண்டவாளத்துல எதிரெதிரா வண்டி வராம காக்குற டோக்கன், முழு சிக்னல் எல்லாம் உண்டு.

இவ்வளவு பாத்துப் பாத்து செஞ்ச பாதையை மூடினது சதர்ன் ரயில்வே. 1923ல அவங்க கைக்குப் போச்சு, பன்னிரண்டே வருஷத்துல கதை முடிஞ்சுது. லண்டன்ல உட்கார்ந்து கணக்குப் புத்தகம் பார்த்தவங்களுக்கு எக்ஸ்மூர் என்ன தெரியும்? என் கட்சி இதுதான்.

பிராட்கேஜ் பித்தன்

மூல காரணம் கேஜ். லண்டனிலிருந்து வரும் பயணி பார்ன்ஸ்டபிள் டவுனில் இறங்கி வண்டி மாற வேண்டும். ஆள் மாறிவிடுவான், சரக்கு? நிலக்கரி, உரம், சுண்ணாம்பு, தீவனம் எல்லாவற்றையும் பெரிய வேகனிலிருந்து சின்ன வேகனுக்குக் கையால் இறக்கி ஏற்ற வேண்டும். கூலியும் நேரமும் அங்கேயே போய்விடுகிறது. லாரி வந்ததும் வியாபாரி என்ன செய்வான்? பார்ன்ஸ்டபிளிலேயே லாரியில் ஏற்றி நேரே கடை வாசலில் இறக்குவான். அகலப் பாதை போட்டிருந்தால் இந்தப் பாதை இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்.

தண்டவாளன்

பித்தன் சார், சரக்கு மாற்றும் செலவு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அகலப் பாதை போட்டிருந்தால் 1898இல் திறந்தே இருக்காது. நிலத்தைப் பாருங்கள்.

பார்ன்ஸ்டபிள் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து யோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்ச தூரம் சமதளம். பிறகு 50க்கு 1 ஏற்றம் தொடங்குகிறது. 50 அடி போனால் 1 அடி உயர்வு, இது எட்டு மைல் போல விடாமல் பிளாக்மூர் பக்கம் வரை. அதன்பின் ஒரு பள்ளம், பாராகூம் கிராமத்தைச் சுற்றி ஒரு பெரிய வளைவு, மறுபடி வுடி பே வரை ஏற்றம், அங்கிருந்து லிண்டனுக்கு இறக்கம். மலையைக் குடையாமல், மலையின் இடுப்பைச் சுற்றியே போகிறது. வேட்டியில் தையல் ஓடுகிற மாதிரி, துணி எங்கே மடிகிறதோ அங்கேயெல்லாம் பாதையும் மடிகிறது. அந்தக் கூர் வளைவுகளில் அகலப் பாதை எஞ்சின் திரும்பாது. வெட்டும் மேடும் சுரங்கமும் கட்டப் பணம் எங்கே?

குறுகிய பாதைக்கே பணம் போதவில்லை என்பதுதான் உண்மை. எதிர்பார்த்ததை விடப் பாறை அதிகம் வந்தது. ஒப்பந்ததாரர் ஜேம்ஸ் நட்டாலுக்கும் கம்பெனிக்கும் பாறை வெட்டிய கூலி பற்றிய தகராறு வழக்கு வரை போனது. கடன் சுமையோடுதான் முதல் வண்டியே புறப்பட்டது.

இன்னொன்று. கிராமப் பாதைகளுக்கு விதிகளைத் தளர்த்திய இலகு ரயில் சட்டம் 1896இல் வந்தது. இவர்கள் 1895லேயே தனிச்சட்டம் வாங்கிவிட்டார்கள். ஒரே வருஷ இடைவெளி! அதனால்தான் கரிப்புகை சொன்ன முழு சிக்னல், முழு ஏற்பாடு எல்லாம். ஒரு நாளைக்கு நாலைந்து வண்டி போகிற பாதைக்கு அது பெரிய சுமை.

கேஜ் மட்டும் காரணமில்லை என்பதற்கு ஃபெஸ்டினியாகைப் பாருங்கள். வேல்ஸில் இதே 597 மி.மீ. பாதைதான். அது நல்ல காசு பார்த்தது, ஏனென்றால் மலையில் கற்பலகைச் சுரங்கம் இருந்தது. கீழே போகிற ஒவ்வொரு வண்டியும் சுமையோடு போனது, அதுவும் எஞ்சினே இல்லாமல் சரிவில் தானே உருண்டு போனது. லிண்டன் பாதையில் மேலிருந்து கீழே அனுப்ப என்ன இருந்தது? சுரங்கமா, மில்லா? ஆட்டு ரோமமும் சந்தைக்குப் போகிற கால்நடையும்தான். போன வேகன் பெரும்பாலும் காலியாகத் திரும்பியது. கோடையில் பெட்டி கொள்ளாத கூட்டம், குளிர்காலத்தில் ஒற்றைப் பெட்டி. ஊழியருக்குச் சம்பளம் மட்டும் பன்னிரண்டு மாசமும்.

வைகைக்கரையான்

1903 பஸ் கதையை யாரும் சொல்லவில்லையே! இந்த இழைக்கு அதுதான் உயிர்.

இல்ஃப்ரகூம் அந்தக் காலத்தில் பெரிய சுற்றுலா ஊர். அங்கே தங்கியிருப்பவர்கள் லிண்டன் பார்க்க வேண்டுமென்றால் பார்ன்ஸ்டபிள் வழியாகச் சுற்ற வேண்டும். நியூன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். இல்ஃப்ரகூமிலிருந்து பிளாக்மூர் ஸ்டேஷனுக்கு மோட்டார் பஸ், அங்கிருந்து ரயில். மில்ன்ஸ்-டைம்லர் வண்டிகள் இரண்டு வாங்கி 1903 மே மாதம் ஓட்ட ஆரம்பித்தார்கள். ரயிலோடு இணைத்து மோட்டார் பஸ் ஓட்டிய முதல் முயற்சிகளில் இது ஒன்று. சீக்கிரமே வேகக் கட்டுப்பாட்டை மீறியதாக ஓட்டுநர் மேல் வழக்கு. அந்த வேகத்துக்குக் கீழே ஓட்டினால் குதிரை வண்டியே மேல் என்கிற நிலை. சேவையை நிறுத்திவிட்டு இரண்டு வண்டிகளையும் விற்றுவிட்டார்கள்.

வாங்கியது யார்? கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. அதே வருஷம் ஆகஸ்ட் 17இல் கார்ன்வாலில் ஹெல்ஸ்டன் – லிசார்ட் இடையே அந்த வண்டிகளை ஓட்டினார்கள். அங்கே புதிதாக ரயில் போடுவதற்குப் பதில் பஸ்! அது நன்றாக ஓடியது, கிரேட் வெஸ்டர்னின் பெரிய பஸ் வலையமைப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது.

மேகலா_எக்ஸெட்டர்

இதில் என்னை உறுத்துவது, பஸ்ஸின் பயனை இந்தச் சின்னக் கம்பெனி எல்லோருக்கும் முன்னாலேயே கண்டுகொண்டது என்பதுதான். ஸ்டேஷன்கள் ஊருக்குத் தள்ளி இருந்த குறையைப் பஸ்ஸை வைத்தே சரிசெய்திருக்கலாம். பாராகூமுக்கு ஒன்று, லிண்டன் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஒன்று. ஒரு வழக்கில் அந்த வழி மூடிவிட்டது. 1920களில் பஸ் திரும்பி வந்தபோது போட்டிக்காரனாகத்தான் வந்தது.

தண்டவாளன்

இப்போது கரிப்புகையின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சதர்ன் ரயில்வே கழுத்தை நெரித்தது என்பதை நான் ஏற்கவில்லை.

1923இல் வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பாதையைச் செப்பனிட்டார்கள், ஸ்டேஷன்களைச் சீர் செய்தார்கள், எஞ்சின்களையும் பெட்டிகளையும் புதுப்பித்துப் பச்சை வர்ணம் அடித்தார்கள். புதிய சரக்கு வேகன்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக 1925இல் ஐந்தாவது எஞ்சின் ஒன்றை அதே மேனிங் வார்டில் கம்பெனியிடம் புதிதாகச் செய்து வாங்கினார்கள். அதுதான் லூ. மூட நினைக்கிறவன் புது எஞ்சின் வாங்குவானா?

அவர்களால் மாற்ற முடியாதது ஸ்டேஷன் இருந்த இடம். அதைச் சுற்றிலும் சாலைகள் நல்லதாகிக்கொண்டே வந்தன. ஒன்றரை மணி நேர ரயில், இறங்கிய பிறகு சரிவில் நடை. பஸ்ஸோ ஊர் நடுவில் இறக்கிவிடும். 1930களில் தண்டவாளமும் கட்டையும் மொத்தமாக மாற்ற வேண்டிய வயசுக்கு வந்துவிட்டன. அந்தச் செலவை எந்த வருமானத்தைக் காட்டி நியாயப்படுத்துவார்கள்?

மூடுவதை எதிர்த்துப் பார்ன்ஸ்டபிளில் கூட்டம் போட்டபோது லிண்டனிலிருந்து வந்த பிரதிநிதிகள் காரில் வந்தார்கள் என்று ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. ஊர்க்காரர்களுக்கு ரயில் மேல் பாசம் இருந்தது. ஆனால் அவர்கள் அதில் ஏறுவதில்லை.

கரிப்புகை

சார், லூ வாங்கினதை நான் மறுக்கலை. ஆனா ஒண்ணு. பாதையை மூடினதுக்கும் தடம் தெரியாம அழிச்சதுக்கும் வித்தியாசம் இருக்கு. செப்டம்பர் 29ல கடைசி வண்டி. நவம்பர் 13ல ஏலம். வருஷம் முடியறதுக்குள்ள யோ, எக்ஸ், டா, லின் நாலும் பில்டன்ல உடைபட்டுப் பழைய இரும்பாப் போச்சு. ஒரு கோடை காலம் பொறுத்திருந்தா வாங்க யாராவது வந்திருப்பாங்களோ என்னமோ. அந்த அவசரம்தான் எனக்கு ஆத்திரம்.

கடைசி நாளைப் பத்திச் சொல்லணும். அன்னிக்கு யோவும் லூவும் சேர்ந்து ஒன்பது பெட்டியை இழுத்துச்சு. வழி நெடுக ஜனங்க நின்னு பார்த்தாங்க. மறுநாள் காலையில, வுடி பேயில குடியிருந்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி கேப்டன் உல்ஃப் ஒரு மலர் வளையம் அனுப்பினார். பார்ன்ஸ்டபிள் டவுன்ல தண்டவாளம் முடியற கட்டையில வெச்சாங்க. அதோட இருந்த அட்டையில எழுதியிருந்தது: "ஒருவேளை இது இறக்கவில்லை, உறங்குகிறது."

லூ மட்டும் தப்பிச்சது. பாதையைப் பிரிக்கிற வேலைக்கு அதையே ஓட்டினாங்க. தான் ஓடின தண்டவாளத்தைத் தானே சுமந்துட்டுப் போற வேலை. எனக்கு அந்தப் போட்டோவைப் பாக்கவே மனசு வராது. 1936ல ஸ்வான்சி துறைமுகத்துல கப்பலேத்தி பிரேசில் அனுப்பிட்டாங்க, ரெசிஃபேக்கு. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்ற ஆவணம் எதுவும் கிடைக்கலை. ரொம்பப் பேர் தேடியிருக்காங்க. கரும்புத் தோட்டம்னு ஒருத்தர் சொல்வார், காபித் தோட்டம்னு இன்னொருத்தர். எல்லாம் ஊகம்.

புதுக்குடி

இந்தத் தளத்துக்குப் புதுசு. எஞ்சின் எல்லாம் போய்விட்டது என்றால் பெட்டிகளும் போய்விட்டனவா? இன்றைக்குப் போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

மேகலா_எக்ஸெட்டர்

வாங்க புதுக்குடி. இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

முதலில் செல்ஃபம் பாலம். எட்டு வளைவு, ஒவ்வொன்றும் 42 அடி அகலம், உயரம் சுமார் 70 அடி. மார்லண்ட் செங்கல் என்று அந்த வட்டாரத்தில் செய்கிற வெளிர் மஞ்சள் செங்கல். கீழே போகிற குறுகிய சாலையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். நேர்கோடாக இல்லாமல் வளைந்து போவதால், அங்கிருந்து ஒரே பார்வையில் எல்லா வளைவும் அகப்படாது, கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து எண்ண வேண்டும். தூண்களின் ஒல்லியைப் பார்த்தால்தான் இது இரண்டடிப் பாதைக்குக் கட்டியது என்று உறைக்கிறது. ரயில் நின்ற பிறகு மேலிருந்த கைப்பிடிச் சுவரை எடுத்துவிட்டார்கள். 2000இல் செப்பனிட்டபோது திரும்பக் கட்டினார்கள். பட்டியலிடப்பட்ட பாதுகாப்புச் சின்னம் என்பதால் இனி பயமில்லை.

பெட்டிகளை ஏலத்தில் எடுத்தவர்கள் தோட்டத்துக் கொட்டகையாக, கோடை வீடாக, கோழிக் கொட்டிலாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் பிழைத்தன. 2ஆம் எண் பெட்டி ஒரு பாதிரியார் இல்லத் தோட்டத்தில் கோடை வீடாக இருந்தது. இப்போது யார்க் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில், புதுப்பிக்காமல் கிடைத்த நிலையிலேயே நிற்கிறது. அந்தத் தேய்ந்த மரத்தைப் பார்ப்பது புது வர்ணம் பார்ப்பதை விட எனக்குப் பிடிக்கும். 15ஆம் எண் பெட்டி ஸ்னாப்பர் ஸ்டேஷன் இருந்த இடத்தில் பல வருஷம் கிடந்தது. 1959இல் ஃபெஸ்டினியாக்காரர்கள் எடுத்துப் போய்ச் சரிசெய்து உணவுப் பெட்டியாக ஓட்டினார்கள். அதே கேஜ் அல்லவா, அப்படியே பொருந்திவிட்டது.

தண்டவாளன்

மேகலா மேடம் சொன்னதோடு சேர்த்து, புதுக்குடிக்காக மீட்புக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1979இல் ஆர்வலர்கள் சங்கம் தொடங்கினார்கள். கையில் ஒரு அடி தண்டவாளம் கிடையாது, பாதை நிலம் முழுக்க விவசாயிகள் கையில். 1995இல் வுடி பே ஸ்டேஷனை வாங்கினார்கள். 2004இல் அங்கே மறுபடி பயணிகள் வண்டி ஓடியது. 2006இல் கில்லிங்டன் லேன் வரை, சுமார் 1 மைல். இன்றும் பயணிகள் வண்டி அங்கேதான் திரும்புகிறது. மூட்டம் இல்லாத நாளில் அந்தப் பெட்டி ஜன்னலிலிருந்து பிரிஸ்டல் கால்வாய்க் கடல் தெரியும்.

தொலைந்த எஞ்சின்களையும் திரும்பச் செய்தார்கள். லூவின் வரைபடத்தைப் பின்பற்றி ஃபெஸ்டினியாகின் பாஸ்டன் லாட்ஜ் பட்டறையில் 2010இல் லிட் என்ற எஞ்சின் உருவானது. இதற்கும் ஒரு டெவன் ஆற்றின் பெயர்தான். 2017இல் பால்ட்வின் லின்னின் மறுபிறப்பு வுடி பேயில் ஓடியது. பழைய பெட்டிகளின் எச்சங்களை எடுத்து, அசல் மரமும் இரும்பும் எவ்வளவு தேறுமோ அவ்வளவையும் சேர்த்துப் புதிதாகக் கட்டி, அவற்றிலேயே மக்களை ஏற்றிச் செல்கிறார்கள்.

பிராட்கேஜ் பித்தன்

மரியாதையோடு ஒரு கேள்வி. சங்கம் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓடுவது 1 மைல். தண்டவாளன் சார் கணக்கின்படியே இந்தப் பாதை தவறான இடத்தில் போட்டது, சரக்கு இல்லாதது, நஷ்டப்பட்டது. அப்படியிருக்க எதற்குத் திரும்பக் கட்ட வேண்டும்?

தண்டவாளன்

நேர்மையான கேள்வி. என் பதிலும் நேராகவே சொல்கிறேன்.

அன்று பாதையைக் கொன்ற குணம்தான் இன்று அதற்குப் பலம். ஊரை விட்டு ஒதுங்கி, மலை இடுப்பில் வளைந்து, மெதுவாகப் போகிற பாதை பால்காரனுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் உதவவில்லை. எக்ஸ்மூர் பார்க்க வருகிறவனுக்கு அதைவிட நல்ல வழி எது? விருந்தாளிக்காகப் போட்ட பாதை என்று முதல் பதிவில் சொன்னேன். 1898இல் அந்த விருந்தாளி வருஷத்தில் மூன்று மாசம் வந்தான், அவனும் பணக்காரன். இன்று அவன் கோடி கோடியாக இருக்கிறான், எல்லோரும் காரில் வந்து அந்தக் குறுகிய சாலைகளை அடைக்கிறார்கள்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, நிலம். 2018இல் எக்ஸ்மூர் தேசியப் பூங்கா ஆணையம் பிளாக்மூர் பக்கம் நீட்ட அனுமதி கொடுத்தது. அனுமதி வேறு, நிலம் வேறு. பழைய பாதை துண்டு துண்டாகப் பல கைகளில் இருக்கிறது. விற்க விருப்பமில்லாதவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் பக்க நியாயமும் உண்டு. மூன்று தலைமுறையாக மேய்ச்சல் நிலமாக இருப்பதை வெளியூர் ஆர்வலர் வந்து கேட்டால் உடனே கொடுப்பாரா?

இயற்கையும் மனிதனும் செய்த உடைப்புகள் வேறு. பாராகூமில் பள்ளத்தைக் கடக்கப் பெரிய மண்கரை கட்டியிருந்தார்கள், அடியில் ஓடைக்கு ஒரு சிறு மதகு. 1952 ஆகஸ்ட் 15 இரவு எக்ஸ்மூரில் பேய்மழை. லின்மத்தில் 34 பேர் மாண்ட அதே வெள்ளம். அந்த வெள்ளத்தில் பாராகூம் கரையும் உடைந்தது. பாதையைத் திரும்பப் போட வேண்டுமானால் அந்த இடைவெளியை அடைக்க வேண்டும், இந்த முறை தண்ணீருக்குத் தாராளமான வழி விட்டு. பிளாக்மூருக்குத் தெற்கே 1950களில் விஸ்ட்லண்ட்பவுண்ட் நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய பாதையின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. அங்கே புது வழி போட்டுச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

இத்தனைக்கும் இடையில் 1 மைல் ஓடுகிறதே, அது எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

கரிப்புகை

இதுல நான் தண்டவாளன் சார் பக்கம். வுடி பே ஸ்டேஷன்ல லிட் நின்னு மூச்சு விடற வீடியோ பார்த்தவன் கணக்குக் கேக்க மாட்டான். பித்தன் சார், ஒரு தடவை போய்ப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

பிராட்கேஜ் பித்தன்

நிலம் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. பாராகூம் கரை விஷயம் எனக்குப் புதிது. கேஜ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, சரக்குக்கு அது பாதகம்தான். ஆனால் பயணிக்காக மட்டும் ஓடுகிற பாதையென்றால் அந்த வாதமே எழாது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வருஷம் மகள் வீட்டுக்கு பிரிஸ்டல் போகிறோம். அங்கிருந்து எப்படிப் போவது?

மேகலா_எக்ஸெட்டர்

பித்தன் சார், பிரிஸ்டலிலிருந்து எக்ஸெட்டருக்கு ரயில், அங்கே மாறி பார்ன்ஸ்டபிளுக்கு ரயில். எக்ஸெட்டர் – பார்ன்ஸ்டபிள் பாதையே அழகான கிராமப் பாதைதான், ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். பார்ன்ஸ்டபிளிலிருந்து லிண்டனுக்குப் பஸ் உண்டு, குறைவாகத்தான் ஓடும், நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வுடி பே ஸ்டேஷன் அந்தப் பெரிய சாலையை ஒட்டியே இருக்கிறது. கார் என்றால் வழியில் செல்ஃபத்துக்கு ஒதுங்கிப் பாலத்தையும் பார்த்துவிடலாம்.

வுடி பேயில் எல்லா நாளும் வண்டி ஓடாது, குளிர்காலத்தில் பெரும்பாலும் கிடையாது. அவர்கள் தளத்தில் கால அட்டவணை பார்த்துவிட்டுத் தேதி முடிவு செய்யுங்கள். கோடையிலும் அங்கே காற்று குளிரும், வீட்டம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். லிண்டன் போனதும் பழைய ஸ்டேஷனுக்கு ஏற நினைத்தால் காலையிலேயே ஏறிவிடுங்கள், பிறகு இறக்கம்தான். பாறை ரயிலுக்கு மாலைக்குள் போய்விடுங்கள், கடைசி வண்டியைத் தவறவிட்டால் லின்மத்திலிருந்து அந்த 500 அடியையும் நடந்து ஏற வேண்டியிருக்கும்.